சின்னக் குழந்தைக்குப் பொம்மை வாங்கும்போது

ஒரு வயது, இரண்டு வயதுக் குழந்தைக்குப் பரிசு வாங்கப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். கடையில் நிற்கும் ஆளுயரக் கரடியை எடுக்காதீர்கள். இரண்டு நாள் படம் எடுத்தபின் அது பரண்மேல் ஏறிவிடும். குழந்தை ஒரு கையால் பிடித்து வீடு முழுக்க இழுத்துக்கொண்டு போகிற அளவில் ஒரு முயலோ யானையோ போதும். எச்சில், சோறு, மண் எல்லாம் படும், அதனால் துவைக்க முடிய வேண்டும்.

முக்கியமாகக் கண்களைப் பாருங்கள். பிளாஸ்டிக் கண் பிய்ந்து வந்தால் நேரே வாய்க்குத்தான் போகும். நூலால் தைத்த கண்ணே நல்லது. கடைக்காரர் முகம் சுளித்தாலும் இழுத்துப் பார்த்தே வாங்குங்கள். ஒரு வயது நிறையும்வரை, தூங்கும் குழந்தையின் அருகில் எந்தத் துணிப் பொம்மையும் வைக்க வேண்டாம்.

இந்தியாவில் 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். (பதிவுபெற்ற கைவினைஞர்களுக்கு விலக்கு உண்டு.)

'அறிவை வளர்க்கும்' என்று பெட்டியில் எழுதியிருப்பதை நான் நம்புவதில்லை. பொத்தானை அழுத்தினால் பொம்மையே பாடி, ஆடி முடித்துவிடுகிறது. குழந்தை வேடிக்கைதான் பார்க்கிறது. கர்நாடகத்தின் சென்னபட்டணாவில் வெப்பாலை மரத்தைக் கடைந்து அரக்கு வண்ணம் ஏற்றிச் செய்யும் வளைய அடுக்கைக் கொடுத்துப் பாருங்கள். எது பெரிது, எது சிறிது என்பதைக் கையே கண்டுபிடிக்கும். அம்பாசமுத்திரம் மரச் சொப்பும் எனக்கு உயிர். ஆனால் அதில் சின்னச் சின்னத் துண்டுகள் உண்டு, மூன்று வயது நிறைந்தபின் கொடுங்கள்.