எத்தனை மணிக்கு ரத்தம் கொடுத்தீர்கள்?

எனக்கு 43 வயது நடந்தபோது எடுத்த முதல் டெஸ்டோஸ்டிரோன் (ஆண்மைக்கான ஹார்மோன்) பரிசோதனையில் டெசிலிட்டருக்கு 238 நானோகிராம் என்று வந்தது. அந்த எண்ணுக்குப் பக்கத்தில் கீழ்நோக்கிய அம்புக்குறி ஒன்று அழுத்தமாக அச்சாகியிருந்தது. பல மாதங்களாக விடாத அசதி, பிற்பகலில் நாற்காலியிலேயே கண்ணைச் சுழற்றும் தூக்கம், மனைவியிடம் பேசக் கூசிய பாலுறவு நாட்டக்குறைவு ஆகிய எல்லாவற்றுக்கும் அந்த அம்புக்குறியே விடை என்று நம்பிவிட்டேன். பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்த மருத்துவமனையில், அன்றைக்கே முதல் ஊசியைப் போட்டுக்கொள்ளலாம், பிறகு இரண்டு வாரத்துக்கு ஒன்று போட்டால் போதும் என்றார்கள். அலுவலகத்தில் ஒரு கூட்டம் இருந்ததால் மறுநாள் வருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். மற்றபடி எனக்கு எந்த முன்யோசனையும் இருக்கவில்லை.

அன்றிரவு அறிக்கையைப் பார்த்த என் மனைவி, "ஆயுள் முழுக்கப் போட வேண்டிய ஊசி என்றால் இன்னொருவரிடமும் கேட்டுவிடலாமே" என்றாள். அப்படித்தான் நாளமில்லாச் சுரப்பி மருத்துவர் ஒருவரிடம் போய்ச் சேர்ந்தேன். அவர் 238 என்ற எண்ணைப் பார்த்துவிட்டு, "எத்தனை மணிக்கு ரத்தம் கொடுத்தீர்கள்?" என்றார். மதியம் இரண்டரை மணிக்கு, வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகு. அதற்கு முந்தைய வாரம் உடம்பு எப்படி இருந்தது என்று கேட்டார். நான்கு நாள் காய்ச்சலில் படுத்திருந்தேன்.

அவர் விளக்கியதிலிருந்து நான் புரிந்துகொண்டது இதுதான். இந்த ஹார்மோன் அதிகாலையில் உச்சத்தில் இருந்து பகல் ஏற ஏறக் குறைகிறது. சாப்பாடு அதை மேலும் இறக்குகிறது. காய்ச்சல், தூக்கமின்மை போன்றவையும் தற்காலிகமாகத் தாழ்த்திவிடுகின்றன. ஆகவே காலை ஏழு முதல் பத்து மணிக்குள், வெறும் வயிற்றில், உடம்பு நன்றாக இருக்கும்போது, வெவ்வேறு நாட்களில் இரண்டு முறை எடுத்து, இரண்டிலும் குறைவாக இருந்து, அறிகுறிகளும் இருந்தால்தான் அதைக் குறைபாடு என்று முடிவு செய்ய வேண்டும். முடி கொட்டுகிறது என்று நானாக வாங்கி விழுங்கிக்கொண்டிருந்த பயோட்டின் மாத்திரையையும் சில நாட்களுக்கு முன்பே நிறுத்தச் சொன்னார். சில வகைப் பரிசோதனைகளில் அது எண்ணைப் பொய்யாக உயர்த்திக் காட்டிவிடுமாம்.

உடல் பரிசோதனையைப் பற்றியும் எழுத வேண்டும். பலர் இதற்குக் கூச்சப்பட்டே மருத்துவரிடம் போகாமல் இருக்கிறார்கள். சிறியதிலிருந்து பெரியது வரை முட்டை வடிவ மணிகளைக் கயிற்றில் கோத்தது போன்ற ஒரு கருவியை மேசையிலிருந்து எடுத்தார். ஒவ்வொரு மணியிலும் மில்லிலிட்டர் அளவு குறிக்கப்பட்டிருந்தது. ஒரு கையால் விரையைத் தொட்டுப் பார்த்து, மறு கையால் அதற்குப் பொருந்தும் மணியைத் தேடி, "இருபது, சரியாக இருக்கிறது" என்று குறித்துக்கொண்டார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

காலையில் எடுத்த இரண்டு முடிவுகளும் 304, 321 என்று வந்தன. 40 வயதுக்கு உட்பட்ட, பருமனில்லாத ஆரோக்கியமான ஆண்களிடம் கண்டறிந்த இயல்பு எல்லை 264 முதல் 916 வரை. பல மருத்துவர்கள் 300-ஐ எல்லைக்கோடாக வைத்துப் பார்க்கிறார்கள். நான் கோட்டை ஒட்டி நின்றேன். அதனால் இந்த ஹார்மோனை ரத்தத்தில் சுமந்து செல்லும் எஸ்.எச்.பி.ஜி. என்ற புரதத்தையும் அளந்தார்கள். உடல் பருமனில் அந்தப் புரதம் குறையும். அது குறைந்தால் மொத்த அளவும் குறைவாகத் தெரியும், ஆனால் புரதத்தோடு ஒட்டாமல் திசுக்களுக்குக் கிடைக்கும் பங்கு போதுமானதாகவே இருக்கலாம். அப்போது 96 கிலோ இருந்த எனக்கு அதுதான் நடந்திருந்தது. மூளையடிச் சுரப்பியிலிருந்து வரும் ஹார்மோன்களான எல்.எச். (விரைகளுக்குக் கட்டளையிடுவது), புரோலாக்டின் இரண்டும் இயல்பு. அப்படியானால் இந்த அசதி எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். அவர் என் மனைவியைப் பார்த்து, "இவர் குறட்டை விடுவாரா?" என்றார். அவள் சிரித்தே விட்டாள். தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோய் எனக்கு இருப்பது, ஓர் இரவு முழுக்க நடந்த சோதனையில் உறுதியானது. சிகிச்சை பெறாத அந்த நோயை டெஸ்டோஸ்டிரோன் ஊசி மோசமாக்கவும் கூடும்.

நான் இன்றும் நினைத்து நடுங்குவது அவர் போகிற போக்கில் கேட்ட இன்னொரு கேள்வியைத்தான்: "இன்னொரு குழந்தை வேண்டும் என்ற எண்ணம் இருக்கிறதா?" இருந்தது. வெளியிலிருந்து ஹார்மோன் வந்தால் மூளை தன் கட்டளையை நிறுத்திவிடும், விரைகள் ஓய்ந்துபோகும், விந்தணு உற்பத்தி படுத்துவிடும், மருந்தை விட்டாலும் அது திரும்பப் பல மாதங்கள் ஆகலாம் என்றார். ஊசி போட முன்வந்தவர்கள் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

தூக்கத்தில் மூச்சு தடைபடாமல் காற்றைச் செலுத்தும் மூச்சுக் கருவியுடன் தூங்கத் தொடங்கிய பத்தாம் நாளே பகல் தூக்கம் போய்விட்டது. அந்தக் கருவி ஹார்மோனை உயர்த்தும் என்று எதிர்பார்க்க வேண்டாம், எடை குறைந்தால் உயரும் என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார். 14 மாதத்தில் 84 கிலோவுக்கு வந்தேன். அடுத்த காலைப் பரிசோதனையில் 436. நாட்டம் மட்டும் எண்ணோடு சேர்ந்து ஏறவில்லை; அது தாமதமாக, விட்டுவிட்டுத்தான் திரும்பியது.

இதையெல்லாம் படித்துவிட்டு, சிகிச்சையே வீண் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. என் பெரியப்பா மகனுக்கு 18 வயதில் பொன்னுக்கு வீங்கி வந்து விரைகளுக்கும் பரவியது. அவருக்கு இரண்டு காலைகளிலும் 200-க்குக் கீழே, எல்.எச். மிக அதிகம், அதாவது மூளை கத்திக் கூப்பிட்டும் விரைகளால் பதில் கொடுக்க முடியவில்லை. அவர் தினமும் காலையில் தோளில் ஜெல் தடவி, கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஜெல் உலர்ந்த பிறகு சட்டை போட்டுக்கொண்டுதான் மகளைத் தூக்குகிறார். ஜெல் குழந்தையின் தோலில் ஒட்டினால் ஹார்மோன் அவளுக்கும் ஏறிவிடும். ரத்தம் கெட்டியாகிறதா என்று பார்க்க ஹீமட்டோகிரிட்டும் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு), புராஸ்டேட் சுரப்பிக்காகப் பி.எஸ்.ஏ. என்ற ரத்தப் பரிசோதனையும் அவருக்குக் குறித்த இடைவெளியில் எடுக்கப்படுகின்றன. ஹீமட்டோகிரிட் 54 விழுக்காட்டைத் தாண்டினால் மருந்தை நிறுத்த வேண்டும். போன முறை 53 வந்ததால் அளவைக் குறைத்திருக்கிறார்கள். "அடுத்த மாதம் மறுபடியும் ரத்தம் கொடுக்கணும் தம்பி, நீயும் கூட வா" என்று நேற்று கூப்பிட்டார்.