மிளகாய் நாற்றுகளுக்கிடையே முளைத்த அந்தச் செடி

விதைத் தட்டில் மிளகாயை வரிசையாக ஊன்றியிருந்தேன். வரிசைக்கு வெளியே, தட்டின் ஓரத்தை ஒட்டி வேறொன்று முளைத்தது. வரிசையில் ஊன்றுவதன் பெரிய பயன் இதுதான்: இடம் மாறி முளைப்பது எதுவாக இருந்தாலும் உடனே கண்ணில் படும். விதைகளைக் கையால் தூவியிருந்தால் அதையும் மிளகாய் என்றே எண்ணி வாரக்கணக்கில் நீர் ஊற்றியிருப்பேன்.

தெரியாத நாற்றைப் பிடுங்கி எறிவது எளிது. எனக்கு மனம் வரவில்லை. தோட்டத்தில் தானாக முளைப்பவற்றில் நல்ல காய்கறிச் செடிகளும் உண்டு, நஞ்சுள்ளவையும் உண்டு. சிக்கல் என்னவென்றால் இரண்டும் ஒரே குடும்பத்திலேயே இருக்கின்றன. மிளகாய், தக்காளி, கத்தரி, மணத்தக்காளி, ஊமத்தை ஆகிய எல்லாமே கத்தரிக் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஊமத்தையின் இலை, தண்டு, விதை என எல்லாப் பகுதிகளிலும் அட்ரோபின், ஸ்கோபொலமின் போன்ற நச்சுப்பொருட்கள் இருக்கின்றன. ஆகவே செடியை வளர விடுவது, அடையாளம் உறுதியாகும்வரை அதில் எதையும் வாயில் வைப்பதில்லை என்று முடிவு செய்துகொண்டேன். சுவைத்துப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள்.

முதலில் பார்க்க வேண்டியது விதையிலைகளை. விதைக்குள்ளேயே உருவாகி, முளைத்ததும் முதலில் விரியும் இலைகள் அவை. அவற்றை வைத்துக் குடும்பத்தை ஓரளவு பிரித்துவிடலாம். முள்ளங்கி, முட்டைக்கோஸ் வகையறாவுக்கு நுனியில் பள்ளம் விழுந்த, இதய வடிவ விதையிலைகள். பூசணி, வெள்ளரி, பாகல் என்றால் தடித்த நீள்வட்ட இலைகள். கொத்தமல்லிக்கு நீண்ட, நாடா போன்ற இலைகள். தட்டைப்பயறும் அவரையும் பருத்த விதையிலைகளை மண்ணுக்கு மேலே தூக்கி வரும். துவரையும் பட்டாணியும் அவற்றை மண்ணுக்குள்ளேயே விட்டுவிடும். என்னுடைய நாற்றில் எதிரெதிராக இரண்டு சிறிய இலைகள், நுனி கூர்மையாக இருந்தன. கத்தரிக் குடும்பம் என்று தோன்றியது. ஆனால் பக்கத்திலிருந்த மிளகாய் நாற்றின் விதையிலைகள் நீண்டு, வழுவழுப்பாகப் பளபளத்தன. இதன் இலைகளோ அளவில் சிறியவை, நீளத்தைப் பார்க்க அகலம் கூடியவை.

இன்னொரு நல்ல தடயமும் கிடைத்தது. விதையின் தோல் ஒரு விதையிலையின் நுனியில் ஒட்டிக்கொண்டிருந்தது. உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தபோது வெளிர் மஞ்சள் நிறத்தில், தட்டையாக, 2 மில்லிமீட்டருக்கும் குறைவாக இருந்தது. மிளகாய் விதை ஏறக்குறைய 3 முதல் 4 மில்லிமீட்டர் இருக்கும். ஊமத்தை விதையும் அந்த அளவில், கறுப்பாகவோ பழுப்பாகவோ இருக்கும். அதன் விதையிலைகளும் ஒல்லியாக நீண்டு வரும். அப்போதே ஊமத்தைக்கு வாய்ப்பு மிகக் குறைவு என்று தெரிந்தது. மனத்துக்குக் கொஞ்சம் நிம்மதி. நாற்று முளைத்தவுடன் அதன் நுனியையும் வேரடியையும் பாருங்கள். விதைத்தோல் சில நாட்களில் உதிர்ந்துவிடும். பிறகு அந்தத் தடயம் கிடைக்காது.

கைப்பேசியில் படம் எடுத்துச் செடிகளை அடையாளம் காட்டும் செயலியிலும் முயன்றேன். ஒவ்வொரு படத்துக்கும் ஒவ்வொரு பெயர் வந்தது. அதில் வியப்பில்லை. இத்தகைய செயலிகள் பூவும் காயும் முதிர்ந்த இலையும் உள்ள படங்களில்தான் நன்றாக வேலை செய்கின்றன. விதையிலைப் பருவத்தில் அவை பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. ஆனாலும் அந்தப் பெயர்களைக் குறித்து வைத்தேன். எந்தெந்தச் செடிகளை நீக்க வேண்டும் என்ற பட்டியலாக அது உதவியது.

எனக்கு உண்மையில் கைகொடுத்தது வேறொரு வழி. பெயர் தெரிந்த விதைகளையே தனித்தனிக் கிண்ணங்களில் ஊன்றி, பெயர் எழுதி, அந்த நாற்றின் அருகில் வைத்தேன்: தக்காளி, கத்தரி, மணத்தக்காளி. ஒரே மண், ஒரே வெயில், ஒரே நீர். படத்தோடு ஒப்பிடும்போது வெளிச்சமும் கோணமும் ஏமாற்றும். உயிருள்ள நாற்றைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கையில் அந்தக் குழப்பம் இல்லை. தக்காளியின் தண்டில் மென்மயிர் தெளிவாகத் தெரிந்தது, இலையைத் தொட்டாலே அதற்குரிய வாசனை விரலில் ஏறியது. அடுத்து வந்த இலைகளிலேயே வெட்டுகளும் வந்துவிட்டன. கத்தரியின் இலையில் சாம்பல் படிந்தது போன்ற மயிர்ப்பூச்சு. இந்த இரண்டும் பட்டியலிலிருந்து போயின. மணத்தக்காளி மட்டும் கடைசிவரை போட்டியில் நின்றது.

விதையிலைகளுக்குப் பின் நான்கைந்து அசல் இலைகள் வந்ததும் செடியைத் தனித் தொட்டிக்கு மாற்றி, மிளகாயிலிருந்து தள்ளி வைத்தேன். இதற்கு வலுவான காரணம் உண்டு. கத்தரிக் குடும்பத்துக் களைச்செடிகள் பல, மிளகாயையும் தக்காளியையும் தாக்கும் வைரஸ்களுக்குத் தங்குமிடமாக இருக்கின்றன. வெள்ளை ஈ அங்கிருந்து இங்கே கொண்டுவந்துவிடும். ஒரு செடியின் பெயரை அறியும் ஆசையில் மிளகாய் முழுவதையும் பணயம் வைக்க முடியாது.

இது எங்கிருந்து வந்தது என்பதையும் அறிய வேண்டியிருந்தது. தட்டில் இருந்தது தோட்ட மண்ணும் வீட்டில் மட்கவைத்த உரமும். இரண்டையும் தனித்தனித் தட்டுகளில் நிரப்பி, எந்த விதையும் போடாமல் நீர் மட்டும் தெளித்து வந்தேன். மண் தட்டில் புல் முளைத்தது. உரத் தட்டில் அதே கூர்நுனி விதையிலைகள் கூட்டமாக எழுந்தன. விடை கிடைத்துவிட்டது. உரக்குவியலின் உள்ளே 55 முதல் 60 டிகிரி செல்சியஸ் வெப்பம் சில நாட்கள் தொடர்ந்து இருந்து, குவியலைப் புரட்டியும் விட்டால்தான் பெரும்பாலான விதைகள் சாகும். வீட்டில் சிறிய தொட்டியில் மட்கும் உரம் பெரும்பாலும் அந்தச் சூட்டை எட்டுவதில்லை.

செடி உயர்ந்தது. தண்டை விரல்களுக்கிடையே உருட்டினால் கோணங்கள் தட்டுப்பட்டன. இலை ஏறக்குறைய மயிரின்றி, மெல்லியதாக, ஓரத்தில் ஒழுங்கற்ற பற்களுடன் இருந்தது. மணத்தக்காளியின் இளந்தண்டிலும் கோணங்கள் வருவதால் அதை மட்டும் வைத்துத் தீர்மானிக்க முடியவில்லை. பூவுக்காகக் காத்திருந்தேன். இந்த வேலையில் பொறுமையைவிடப் பெரிய கருவி எதுவும் இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

மணத்தக்காளிக் கிண்ணத்தில் முதலில் பூ வந்தது. சின்னஞ்சிறு வெள்ளைப் பூக்கள், கொத்தாக, இரண்டு கணுக்களுக்கு இடைப்பட்ட தண்டிலிருந்து புறப்பட்டன. நடுவில் மஞ்சள் மகரந்தப்பைகள் ஒன்றாகச் சேர்ந்து கூம்பாக நின்றன. சில நாட்களுக்குப் பின் என் செடியும் பூத்தது. ஒவ்வொரு பூவும் தனியாக, இலைக்காம்பு தண்டில் சேரும் மூலையிலிருந்து தலைகவிழ்ந்து தொங்கியது. நிறம் வெளிர் மஞ்சள், உட்புறம் அடியில் பழுப்புத் தடங்கள். மகரந்தப்பைகள் கூம்பாகச் சேரவில்லை. மணத்தக்காளியும் பட்டியலிலிருந்து நீங்கியது.

பூ வாடி உதிர்ந்த பிறகு நடந்ததுதான் ஐயத்தை முழுதாகத் தீர்த்தது. பூவின் அடியில் இருக்கும் பச்சை உறையான புல்லிவட்டம் உதிரவும் இல்லை, காயோடு ஒட்டிச் சிறிதாக நிற்கவும் இல்லை. அது நாளுக்கு நாள் ஊதிப் பெருத்து, உள்ளே இருந்த பச்சைக் காயை முழுவதும் மூடிக்கொண்டு, வரம்புகள் ஓடிய ஒரு பையாகத் தொங்கியது. சொடக்குத் தக்காளி! பைசாலிஸ் என்ற பேரினம். அதே பேரினத்தில் பயிராக வளர்க்கப்படும் பைசாலிஸ் பெருவியானாவின் இலையில் மென்மயிர் அடர்ந்திருக்கும்; என் செடி அப்படியில்லை என்பதால் அதுவும் இல்லை என்று தெளிவானது. இதன் இலையும் பச்சைக் காயும் உண்ணத் தகுந்தவை அல்ல. பை காய்ந்து வைக்கோல் நிறமாகி, தானாக உதிரும் பருவத்தில்தான் உள்ளே பழம் இருக்கும். உதிர்ந்தவற்றை அன்றன்றே பொறுக்கிவிடுகிறேன். ஒரு பழத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட விதைகள் இருக்கக்கூடும், அவை மறுபடியும் உரக்குவியலுக்குப் போகக்கூடாது.

உரத் தட்டில் இன்னொரு நாற்றும் வந்திருக்கிறது. தடித்த, நீள்வட்ட விதையிலைகள். பூசணிக் குடும்பம் என்பதில் ஐயமில்லை. ஆனால் எந்தக் கொடி என்பதைவிட இங்கே பெரிய கேள்வி, அதன் தாய்க்கொடியின் பூவில் எந்த மகரந்தம் கலந்தது என்பது. இந்தக் குடும்பத்தில் ஒரே இனத்தின் வெவ்வேறு வகைகள் எளிதில் கலக்கும். கசப்பு வகை கலந்து பிறந்த சுரை, பூசணிகளில் குக்குர்பிட்டாசின் என்ற நச்சுப்பொருள் மிகுந்து வரலாம், அது சமைத்தாலும் போகாது. கொடியை வளர விடப் போகிறேன். இயல்பாகக் கசக்காத வகையின் காய் பிடித்தால், பறித்ததும் ஒரு சிறு துணுக்கை நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துத் துப்பிவிடுவேன். கசந்தால் அந்தக் கொடி அன்றே வேரோடு வெளியே போகும்.