கண்ணாடியில் தொங்கும் வேல்

போன மாதம் ஒரு ராத்திரி மகனுக்குக் காய்ச்சல் ஏறி வலிப்பு வந்துவிட்டது. அள்ளிக்கொண்டு காருக்கு ஓடினோம். மனைவி பின்சீட்டில் அவனை மடியில் போட்டுக்கொண்டு முருகா முருகா என்று அரற்ற, நான் எந்தச் சிக்னலில் திரும்பினால் சீக்கிரம் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். முன்கண்ணாடியில் தொங்கும் சின்னப் பித்தளை வேல் ஒவ்வொரு திருப்பத்திலும் டிங் டிங் என்று இடித்தது. எரிச்சலில் அதைப் பிடுங்கிக் கீழே எறிந்தேன்.

விடிவதற்குள் காய்ச்சல் இறங்கிவிட்டது. மறுநாள் சீட்டுக்கு அடியில், பார்க்கிங் ரசீதுகளுக்கு நடுவே வேல் கிடந்தது. துடைத்து, கண்ணில் ஒற்றி, மறுபடி மாட்டினேன். வெட்கமாகத்தான் இருந்தது. பால்குடத்தோடு பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயிலின் 513 படிகளையும் ஏறியவன் நான். ஆனால் அந்த ராத்திரி என் கை செய்ததை மட்டும் பார்த்த யாரும், இவனுக்குச் சாமி நம்பிக்கையே கிடையாது என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

பெரியப்பா கதை நேர் எதிர். 1929-இல் பெரியார் பினாங்குக்கு வந்தபோது தாத்தா போய்ப் பேச்சைக் கேட்டாராம். அப்பா எப்படியோ கோயில் பக்கம் திரும்பிவிட்டார், பெரியப்பா திரும்பவில்லை, திருநீறுகூடப் பூசமாட்டார். ஆனால் தைப்பூசத்துக்கு முதல் நாள் அவரை வீட்டில் பார்க்க முடியாது. 1894-லிருந்து வரும் வெள்ளி ரதம், 2017-லிருந்து தங்க ரதமும். இரண்டுக்கும் சாலையோரத்தில் மலைமலையாய்க் குவித்து வைத்துச் சிதறு தேங்காய் உடைப்பார்கள், அதில் சீனர்களும் நிறையப் பேர். (எங்கள் பக்கத்துக் கடைத் தவுக்கேயிடம், அதாவது சீன முதலாளியிடம், முருகனை நம்புகிறீர்களா என்று கேட்டால், "அம்மா உடைத்தார், நானும் உடைக்கிறேன்" என்பார். அதோடு சரி.) சாலை முழுக்கத் தேங்காய்த் தண்ணீர் பிசுபிசுக்கும், ஓடெல்லாம் கத்தி மாதிரி விளிம்போடு கிடக்கும். பெரியப்பா ஒரு மண்வாரியோடு ஓரமாய் நின்று அவற்றை ஒதுக்கிக்கொண்டே இருப்பார்.

"சாமியே இல்லைங்கிறீங்க, அப்புறம் எதுக்குப் பெரியப்பா?"

"சாமி இல்லைடா. செருப்பில்லாம வர்றவன் கால் இருக்குல்ல? தள்ளி நில்லு."

அவர் உள்ளுக்குள் நம்புகிறார், வெளியே சொல்லத்தான் மாட்டேன் என்கிறார் என்பாள் மனைவி. எனக்கு அது நியாயமாகப் படவில்லை. அவர் ஒதுக்கிய ஓடுகளை முருகன் கணக்கில் எழுதினால், நான் வேலைப் பிடுங்கி எறிந்ததை யார் கணக்கில் எழுதுவது?

வேல் இப்போதும் அங்கேதான் தொங்குகிறது. கயிற்றை மட்டும் குட்டையாகக் கட்டியிருக்கிறேன், இடிக்காது.