சாக்கா கான் என்றொரு குரல்

காலையிலிருந்து அமெரிக்கப் பாடகி சாக்கா கானின் பாட்டுதான் ஓடிக்கொண்டிருக்கிறது. 1953இல் சிகாகோவில் பிறந்தவர். அவர் பாடிய ரூஃபஸ் இசைக்குழுவுக்குப் பாடகர் ஸ்டீவி வொண்டர் எழுதிக்கொடுத்த ‘டெல் மீ சம்திங் குட்’ 1974இல் வந்தபோது அவருக்கு வயது 21. அந்த வயதில் அவ்வளவு கனமான குரல்!

1984இல் வந்த ‘ஐ ஃபீல் ஃபார் யூ’ பாடகர் பிரின்ஸ் எழுதிய பாட்டு. பிரின்ஸே அதை 1979இல் பாடிவிட்டார். ஆனால் சாக்கா பாடிய இதில் ராப் பாடகர் மெல்லி மெல் தொடக்கத்திலேயே ‘சாக்கா, சாக்கா’ என்று பெயரை அடுக்குகிறார், ஸ்டீவி வொண்டரின் ஹார்மோனிகா சேர்கிறது, அத்தனைக்கும் மேலே ஏறி நிற்கிறது சாக்காவின் குரல். உச்சஸ்தாயிக்குப் போனால் பலருக்குக் குரல் மெலிந்துவிடும். இவருக்கு அங்கேதான் இன்னும் கனம் கூடும்.

பத்து கிராமி விருதுகள். இசைக் கலைஞர்களைக் கௌரவிக்கும் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் இடம் கிடைத்ததோ 2023இல்தான். ரொம்பவே தாமதம். எழுபது தாண்டியும் மேடையேறுகிறார். 2024இல் டைனி டெஸ்க் என்ற அமெரிக்க வானொலியின் சிறு கச்சேரித் தொடரில் பாடியதை அவசியம் தேடிக் கேளுங்கள்.