பறவையே வராத பறவைப் படம்

சேலத்துப் பறவை நோக்கர்களைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுப்பது என்று முடிவானதுமே இரண்டு விதிகள் வைத்துக்கொண்டேன். திரையில் ஒரு பறவைகூடத் தெரியக் கூடாது. பறவையைக் காட்டப் பெரிய லென்ஸ்காரர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள், எனக்கு வேண்டியது பார்க்கிறவர்களின் முகம். அடுத்தது, ஒவ்வொரு காட்சியும் வெட்டே இல்லாமல் 15 நிமிடம் ஓட வேண்டும். 2015 முதல் நடக்கும் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பில் பார்த்த பறவைகளை எழுதும் ஒரு பட்டியலுக்குக் குறைந்தது அவ்வளவு நேரம் நின்று பார்க்கச் சொல்வார்கள். அவர்களுடைய அளவுகோலையே என் படத்துக்கும் எடுத்துக்கொண்டேன்.

காப்புக்காட்டுக்குள் படம் எடுக்க வனத்துறை அனுமதியும் கட்டணமும் வேண்டும். என் கைக்காசில் அது ஆகாது. ஏற்காட்டில் சில காபித் தோட்டங்கள், கீழே மூக்கனேரிக் கரை, பனமரத்துப்பட்டி ஏரி ஆகியவற்றோடு நிறுத்திக்கொண்டேன். தோட்டக்காரர்கள் தடை சொல்லவில்லை, நாயைக் கட்டிவைத்துவிட்டு உள்ளே விட்டார்கள்.

உண்மையான பாடு ஒலியில்தான். பறவை கண்ணுக்குத் தெரியாத படத்தில் காதுக்காவது கேட்க வேண்டுமே! மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் பஸ்காரர் ஹாரன் அடித்துத்தான் ஆக வேண்டும். அந்தச் சத்தம் பள்ளத்தாக்கு வழியாக மேலே ஏறி வந்து நேராக மைக்கில் விழும். சில்வர் ஓக் மரங்களுக்கிடையே காற்று எழுந்தால் மைக்குக்கு உரோம உறை போட்டும் பயனில்லை. விடிவதற்கு முன்பே போய் மைக்கை மரத்தில் கட்டிவிட்டு விலகி உட்கார்வதைத் தவிர வேறு வழி கிடைக்கவில்லை.

கேமராவைக் கண்டதும் எல்லோரும் பேட்டி கொடுக்கத் தொடங்கிவிடுவார்கள். சின்ன வயதில் ஆர்வம் எப்படி வந்தது என்பதிலிருந்து கதை ஆரம்பிக்கும். நான் எதுவும் கேட்காமல் முக்காலிக்குப் பின்னால் நிற்பேன். பேச்சு தீர்ந்து, கேமரா இருப்பதே மறந்துபோகும்வரை பொறுத்திருந்தால் படம் கிடைக்கும். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் கை அப்படித்தான் கிடைத்தது. பைனாகுலரின் வார் அறுந்துபோய், அந்த இடத்தில் வேட்டிக் கரையைக் கிழித்து முடிந்திருந்தார். கண் புதரை விட்டு அகலவில்லை. பென்சில் மட்டும் தானாக நகர்ந்து, நான்கு கோடும் குறுக்கே ஒன்றுமாகச் செம்மீசைச் சின்னான் பறவைகளை எண்ணிக்கொண்டே போனது. திடீரென்று பென்சில் நின்றது. மூச்சும் நின்றது போலிருந்தது. என்ன பார்த்தார் என்று படத்தில் தெரியாது. என்னிடமும் அன்று மாலைதான் சொன்னார்: மஞ்சள் தொண்டைச் சின்னான். தென்னிந்தியப் பாறைக்குன்றுகளை விட்டால் உலகில் வேறெங்கும் இல்லாத பறவை, அழியும் அபாயப் பட்டியலில் இருப்பது. “இடத்தின் பெயரைப் போட்டுவிடாதே கண்ணு, கூட்டமாக வந்து ஒலிபெருக்கியில் அதன் குரலையே போட்டு அதை அலைக்கழிப்பார்கள்” என்றார். பின்னணியில் தெரிந்த ஒரு பாறையை வைத்து இடத்தைக் கண்டுபிடித்துவிட முடியும் என்பதால் சட்டகத்தின் மேல்பகுதியைக் கறுப்பாக்கினேன். பார்த்த சிலர் அதைப் பெரிய கலை உத்தி என்று நினைத்துக்கொண்டார்கள், நானும் மறுக்கவில்லை.

படத்தின் முதல் தொகுப்பை நோக்கர்களுக்கே போட்டுக் காட்டினேன். ஜூலை மழையில் ஒரு பெண் குடையோடு நிற்கும் காட்சிக்கு, குளிர்காலத்தில் பதிந்த ஆறுமணிக்குருவியின் குரலை வேண்டுமென்றே வைத்திருந்தேன். குரல் வந்த நொடியே அறையில் சலசலப்பு. “ஜூலையில் இங்கே ஏது ஆறுமணிக்குருவி? வடக்கே கூடு கட்டிக்கொண்டிருக்கும்!” சோதனை முயற்சிப் படத்தில் காலத்தைக் கலைத்துப்போடலாம் என்று வாதாடினேன். ஒருவரும் மசியவில்லை. படத்தின் வடிவத்தைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை. குரலைப் பற்றி மட்டும் ஒரு மணி நேரம் பேசினார்கள். அதே மழையில் பதிந்த ஒலியை மறுபடி ஓட்டிப் பார்த்தபோது, குடைச் சத்தத்துக்கு அடியில் சீகாரப் பூங்குருவியின் சீழ்க்கை இருந்தது. அதை மேலே கொண்டுவந்து வைத்தேன். எனக்கு இன்னமும் பழைய வடிவம்தான் பிடித்திருக்கிறது.