முட்டுக்கொம்பைத் தாண்டிய தக்காளியில் நுனி கிள்ளும் முன்

கொடி வகைத் தக்காளி முட்டுக்கொம்பின் உச்சியைக் கடந்து, பற்றிக்கொள்ள எதுவுமின்றிக் காற்றில் ஆடத் தொடங்கியதும், பெரும்பாலோர் கத்தரிக்கோலைத்தான் தேடுகிறார்கள். நுனியை வெட்டினால் உயரம் நின்றுவிடும் என்பது உண்மையே. ஆனால் அந்த ஒரு வெட்டு, அத்தண்டு இனிப் புதுப் பூங்கொத்துகளைத் தராது என்பதையும் சேர்த்தே முடிவு செய்துவிடுகிறது. ஆகவே, செடியின் உயரத்தை அல்ல, காய்கள் பழுக்க இன்னும் எத்தனை வாரங்கள் கிடைக்கும் என்பதைப் பார்த்தே நுனியில் கைவைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

முதலில் வகையைத் தெரிந்துகொள்வது அவசியம். குட்டையான செடி வகையில் ஒவ்வொரு கிளையும் ஒரு பூங்கொத்தோடு தானாகவே முடிந்துவிடும்; அதைக் கவாத்து செய்தால் விளைச்சல் குறைவதுதான் மிச்சம். கொடி வகையோ ஏறத்தாழ மூன்று இலைகளுக்கு ஒரு பூங்கொத்து என்ற ஒழுங்கில் வளர்ந்துகொண்டே போகும். தோட்டத்தில் இரண்டு மீட்டரைத் தாண்டுவது அதற்கு இயல்பு. பசுமைக்குடில்களில் கயிற்றில் ஏற்றி, இறக்கி இறக்கி வளர்க்கப்படும் தண்டுகள் பத்து மீட்டருக்கு மேலும் நீள்வதுண்டு. ஒன்றரை மீட்டர் குச்சியை அது ஒருநாள் தாண்டியே தீரும் என்பதை நடும்போதே எதிர்பார்க்கலாம்.

முட்டுக்கொம்பைச் சாய்ப்பது பெரும்பாலும் தலைமைத் தண்டின் உயரம் அன்று, பக்கக் கிளைகளின் பாரம். இலைக்காம்பு தண்டோடு சேரும் கக்கத்தில் துளிர்க்கும் ஒவ்வொரு பக்கத் தளிரும், விட்டுவிட்டால், தனக்கென இலையும் பூவும் காயும் கொண்ட இன்னொரு முழுத் தண்டாகிவிடும். ஐந்து சென்டிமீட்டருக்குள் இருக்கும்போதே, ஈரம் உலர்ந்த காலை வேளையில், விரலால் பக்கவாட்டில் வளைத்தால் அது எளிதாக முறிந்து வந்துவிடும். காயமும் சிறியதாக இருப்பதால் விரைவில் ஆறிவிடும். பூங்கொத்து இலைக்கக்கத்திலிருந்து வருவதில்லை. இரண்டு இலைகளுக்கு இடையே தண்டிலிருந்தே நேராகக் கிளம்பும். இந்த வேறுபாட்டைக் கண்ணில் பதித்துக்கொண்டால் பூவைக் கிள்ளிவிடும் அச்சம் இல்லை. உச்சிக்கு அருகில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். பூங்கொத்துக்குச் சற்றுக் கீழே எழும் பக்கத் தளிர் தலைமைத் தண்டுக்கு நிகரான வலிமையோடு வளர்வதால், எது எது என்று அங்கே கண் மயங்கும். இரண்டாவது தண்டு ஒன்று வேண்டுமென்றால், முதல் பூங்கொத்துக்கு அடியில் வரும் தளிரை விட்டுவைப்பதே சிறந்தது.

கவனிக்காமல் விட்டுப் பென்சில் பருமனைத் தாண்டிவிட்ட கிளைகளை ஒரே நாளில் மொத்தமாக வெட்டுவதை நான் ஏற்பதில்லை. அதுவரை நிழலில் இருந்த காய்கள் திடீரென்று கடும் வெயிலுக்கு ஆளானால், தோலில் வெளிறிய, காகிதம் போன்ற வெந்த தழும்புகள் விழும். சில நாள் இடைவெளி விட்டு ஒவ்வொன்றாக எடுக்கலாம். அல்லது முழுக் கிளையையும் நீக்காமல் இரண்டு இலைகளை விட்டு அதன் நுனியை மட்டும் கிள்ளலாம். அந்த இலைகள் காய்களுக்கு நிழலும் தரும், உணவும் சமைக்கும்.

இனி நுனிக்கு வருவோம். மலர்ந்த பூ காயாகிப் பழுக்க, வகையையும் வெப்பத்தையும் பொறுத்து, ஏறத்தாழ ஆறு முதல் எட்டு வாரங்கள் பிடிக்கும். பருவம் முடிய ஐந்து வாரங்களே இருக்கும்போது மலரும் பூக்கள் பெரும்பாலும் பழம் தரப்போவதில்லை. அப்போது நுனியை வெட்டுவது முற்றிலும் நியாயம். காப்பாற்ற விரும்பும் கடைசிப் பூங்கொத்துக்கு மேலே இரண்டு இலைகளை விட்டு வெட்ட வேண்டும். வெட்டியதோடு வேலை தீர்ந்தது என்று எண்ணிவிடக் கூடாது. பக்க மொட்டுகளை அடக்கிவைத்திருந்த ஆக்சின் என்னும் வளர்ச்சி ஹார்மோன் நுனியிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. நுனி போனதும் கீழே உறங்கிய மொட்டுகள் எல்லாம் விழித்துக்கொள்ளும். வாரம் ஒருமுறை அவற்றைக் கிள்ளாவிட்டால், ஒரு நுனிக்குப் பதில் மூன்று நுனிகள் அதே உயரத்தில் வந்து நிற்கும்.

பருவம் இன்னும் நீளமாக இருந்தால் நுனியை விட்டுவைத்து, தண்டுக்கு வேறு வழி காட்டுவதே நல்லது. கயிற்றில் ஏற்றியிருந்தால், பறித்து முடிந்த கீழ்ப்பகுதியின் இலைகளை நீக்கி, கயிற்றைத் தளர்த்தி, வெறுந்தண்டைத் தரையோரம் மெல்லச் சாய்த்து இறக்கலாம். குச்சியாக இருந்தால் குறுக்கே ஒரு கம்பி கட்டி, அதன் மேல் தண்டை வளைத்து மறுபக்கம் தொங்கவிடலாம். தண்டு நீர் நிறைந்து விறைத்திருக்கும் அதிகாலையில் வளைத்தால் படக்கென்று ஒடியும். வெயிலில் சற்றுத் துவண்டிருக்கும் பிற்பகலே வளைப்பதற்கு ஏற்றது. பாதி ஒடிந்தாலும் உடனே பிடுங்கி எறிய வேண்டாம். நிமிர்த்தி இறுக்கமாகச் சுற்றிக் கட்டினால் பெரும்பாலும் கூடிவிடும். உச்சிப் பூக்கள் உதிர்கின்றன என்பதற்காக மட்டும் வெட்டுவதும் சரியன்று. பகலில் 35 பாகை செல்சியசைத் தாண்டும் வெப்பம் மகரந்தத்தைக் கெடுத்துவிடும். வெப்பம் தணிந்தால் அதே நுனியில் மீண்டும் பிஞ்சு பிடிக்கும்.

கீழ் இலைகளைப் பொறுத்தவரை, தரையிலிருந்து ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் வரை வெறுமையாக வைப்பது நன்று. மழைநீரும் பாசன நீரும் மண்ணோடு தெறிக்கும்போது இலைக்கருகல் பூஞ்சை முதலில் பற்றுவது அவற்றைத்தான். இலை நனைந்திருக்கும்போது எதையும் வெட்டக் கூடாது. ஒரு செடியிலிருந்து அடுத்ததற்குச் செல்லும் முன் கத்தரிக்கோலை 70 சதவீத ஆல்கஹாலால் துடைக்க வேண்டும். புகையிலையைத் தொட்ட கையை சோப்பு போட்டுக் கழுவாமல் தக்காளியைத் தொடவே கூடாது. புகையிலைத் தேமல் நச்சுயிரி கைவழியாகவும் கருவிவழியாகவும் பரவும். வெட்டிய பக்கத் தளிர்களில் நோயற்றவற்றை நீரில் நிறுத்திவைத்தால் ஓரிரு வாரங்களில் வேர் விடும்; அவற்றை, இம்முறை உயரமான முட்டுக்கொம்பு ஊன்றிய இடத்தில், புதுச் செடிகளாக நடலாம்.