ஒரே சொல், இரண்டு நரம்பு

"பின்னாலிருந்து யாரோ உதைச்ச மாதிரி இருந்துச்சு டாக்டர். திரும்பிப் பார்த்தா ஆளே இல்லை." கெண்டைக்கால் சதையைக் குதிகால் எலும்போடு இணைக்கும் குதிகால் தசைநாண் அறுந்து வருபவர்கள் பலரும் சொல்வது இதுதான். குப்புறப் படுக்கவைத்துக் கெண்டைக்கால் சதையை அழுத்தினால், அந்தக் காலில் மட்டும் பாதம் அசையாது.

அப்படி வந்த ஒரு கபடி வீரருக்கு 28 வயது. "நரம்பு அறுந்துபோச்சாம், தச்சு விட்டுருங்க சார்" என்றார் கூட வந்த அண்ணன். நம் பேச்சில் தசைநாணும் நரம்பு, ரத்தக்குழாயும் நரம்பு, உணர்ச்சியைக் கடத்துவதும் நரம்பு.

திறந்து தைத்தால் அறுந்த இரு முனைகளும் பிரிந்த கயிறுபோலக் கண்ணெதிரே கிடக்கும். பார்த்துப் பார்த்துத் தைக்கலாம். ஆனால் அங்கே தோல் மெல்லியது, ரத்த ஓட்டமும் குறைவு. சர்க்கரை நோயோ புகைப்பழக்கமோ இருந்தால் புண் ஆறாமல் படுத்தும். தோலில் சின்னத் துளைகள் மட்டும் போட்டுத் தைக்கும் சிறுதுளை முறையில் அந்தத் தொல்லை குறைவு. ஆனால் ஊசி தோலுக்கடியில் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. தசைநாணின் வெளிப்பக்கத்திலேயே, பாதத்தின் வெளி ஓரத்துக்கு உணர்ச்சி தரும் சூரல் நரம்பு இறங்குகிறது.

அவருக்குச் சிறுதுளை முறையில் செய்தேன். "நரம்பு பாதிக்க வாய்ப்பு உண்டு" என்று முன்பே சொல்லியிருந்தேன். தலையாட்டிக் கையெழுத்தும் போட்டிருந்தார். தழும்பு அழகாக ஆறியது. மூன்றாம் மாதம் வந்து, "பாதத்து வெளி ஓரத்துல மண்ணே தெரியல டாக்டர். நரம்பைத் தைக்கத்தானே ஆபரேஷன்? தச்ச நரம்பு எப்படி மரத்துப்போகும்?" என்று கேட்டார்.

அவர் சம்மதித்தது வேறு நரம்புக்கு. அதைக் கவனிக்காதது என் தவறு, இன்றும் உறுத்துகிறது.

2022-இல் நார்வேயில் 526 பேரை வைத்து நடந்த ஆய்வு வெளியானது. ஓராண்டு முடிவில் திறந்த முறை, சிறுதுளை முறை, அறுவையே இல்லாத சிகிச்சை மூன்றிலும் காலின் செயல்பாடு ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. மீண்டும் அறுந்தது அறுவையில்லாதவர்களில் 6.2 சதவீதம், இரு அறுவை முறைகளிலும் 0.6. நரம்புக் காயம் சிறுதுளையில் 9 பேருக்கு, திறந்த முறையில் 5 பேருக்கு, அறுவையில்லாதவர்களில் ஒருவருக்கு.

இப்போதெல்லாம் காகிதத்தில் கால் வரைந்து, தசைநாணைக் கறுப்பிலும் சூரல் நரம்பைச் சிவப்பிலும் கோடிழுத்துக் காட்டுகிறேன். வெறுங்காலோடு வயலில் இறங்குபவரா என்று கேட்கிறேன். சர்க்கரை அளவையும் பார்க்கிறேன். அறுவை இல்லாமலும் ஆறும் என்பதைத் தவறாமல் சொல்கிறேன்.

அவர் மறுபடி களத்தில் இறங்கிவிட்டார். போன முறை வந்தபோது கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சால் தடவினேன். சுண்டுவிரல் ஓரம் மட்டும் இன்னும் தெரியவில்லை என்றார்.